அம்பு போய்ச் சேர்ந்ததா?

கல்லூரி வாசலில் ஒரு டீக்கடை. இரண்டு டீ, இரண்டு வடை, 40 ரூபாய். மாணவன் ஸ்கேன் செய்கிறான், பின் நம்பர் அடிக்கிறான். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது, கணக்கில் 40 ரூபாய் பற்று என்று. கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

"போயிடுச்சுண்ணே, மெசேஜ் வந்துருச்சு பாருங்க."

"உனக்கு வந்துருச்சு தம்பி. எனக்கு வரணும்ல?"

இந்தச் சண்டையை வரைவதற்கென்றே மென்பொருள் படிப்பில் ஒரு படம் இருக்கிறது. பெயர் சீக்வென்ஸ் டயகிராம். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் அத்தனை பேரும் இதை வரைந்திருக்கிறார்கள். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் மாணவர்களையும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் இது விட்டுவைப்பதில்லை. ஆனால் அவர்கள் வரைந்த படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் இந்த டீக்கடைச் சண்டை வரவே வராது. அந்தப் படங்களில் பணம் எப்போதும் போய்ச் சேர்ந்துவிடும். நெட்வொர்க் எப்போதும் இருக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில் வரும். ராமராஜ்யம்தான்!

காமர்ஸ் மக்களுக்காக ஒரு சிறு விளக்கம் (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). தாளின் மேல் ஓரத்தில் வரிசையாகப் பெட்டிகள்: வாடிக்கையாளர், ஆப், வங்கி, இப்படி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கீழே ஒரு புள்ளிக்கோடு இறங்கும். இதற்கு லைஃப்லைன் என்று பெயர். காலம் மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தி ஓர் அம்பு. பதில் வரும்வரை காத்திருக்கும் அழைப்பு என்றால் அம்பின் முனை நிரப்பியிருக்கும். அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும் செய்தி என்றால் முனை திறந்திருக்கும். பதில் என்றால் கோடு விட்டுவிட்டு இருக்கும். அவ்வளவுதான். யார், யாரிடம், எதற்குப் பிறகு எதைச் சொன்னார்கள் என்பதற்கு மேல் இந்தப் படத்தில் எதுவும் கிடையாது. அதனாலேயே இது அருமையான படம். கோடு தெரியாதவரும் படிக்கலாம், ஆடிட்டரும் படிக்கலாம், டீக்கடைக்காரருக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

இத்தனை நல்ல படத்தை என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியின் லேப் ரெக்கார்டைத் திறந்தால் போதும். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன். அண்ணன் எழுதியது, அக்கா எழுதியது, அதே ரெக்கார்டு தம்பி கைக்கு வந்து அப்படியே நகலாகிறது. பாஸ்போர்ட் படத்தில் விண்ணப்பதாரர் லாகின் செய்கிறார், விவரம் தருகிறார், சிஸ்டம் சரிபார்க்கிறது, போலீஸ் சரிபார்க்கிறது, பாஸ்போர்ட் வந்துவிடுகிறது. போலீஸ் ஒரு தடவையும் பாதகமான அறிக்கை அனுப்புவதில்லை. கட்டணம் செலுத்தும்போது கரண்ட் போவதில்லை. பொறுமையிழந்து யாரும் பட்டனை இரண்டு முறை அழுத்துவதில்லை. நிஜத்தில் பாஸ்போர்ட் எடுத்த யாரும் இந்தப் படத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

வரிசையும் தலைகீழ். பிராஜெக்ட் முதலில் முடியும் (அல்லது பிராஜெக்ட் சென்டரிலிருந்து முடிந்தே வரும்). ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகிற முந்தின இரவில்தான் "டேய், சீக்வென்ஸ் டயகிராம் போடலையே" என்று ஞாபகம் வரும். ஸ்டார்யூஎம்எல் திறந்து நாலு பெட்டி, எட்டு அம்பு. வைவாவில் வரும் கேள்வி, "கோட்டின் மேல் நீளமாக நிற்கிற அந்தப் பெட்டியின் பெயர் என்ன?" "ஆக்டிவேஷன் பார் சார்." வெரி குட், உட்காரலாம். கட்டி முடித்த வீட்டுக்குப் பிறகு பிளான் வரைவது போன்ற வேலை இது. இப்போது அந்த இரவு வேலையையும் ஏஐ சாட்பாட் செய்து கொடுக்கிறது. தனியாகக் கேட்காவிட்டால் அதுவும் பெரும்பாலும் எல்லாம் சுபமாக முடிகிற படத்தைத்தான் தருகிறது. அது படித்ததும் இதே மாதிரிப் படங்களைத்தானே.

இந்தப் படம் பிறந்த வீட்டில் நிலைமை இப்படி இல்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் கட்டியவர்களின் படம் இது. மெசேஜ் சீக்வென்ஸ் சார்ட் என்ற பெயரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990-களின் தொடக்கத்தில் இதற்கென்று இசட்.120 என்ற தரநிர்ணயமே கொண்டுவந்தது. பொருள்நோக்கு மென்பொருள் உலகுக்கு இந்த வகைப் படத்தைக் கொண்டுவந்த இவார் ஜேக்கப்சன், எரிக்சன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1997-ல் யூஎம்எல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டபோது சீக்வென்ஸ் டயகிராமும் அதற்குள் வந்தது. தொலைபேசிக்காரர்களின் பிழைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்முனை பிஸியாக இருக்கலாம். மணி அடித்து யாரும் எடுக்காமல் போகலாம். எண் சுழற்றும் பாதியில் ஆள் ரிசீவரை வைத்துவிடலாம். இரண்டு பேரும் ஒரே நொடியில் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். "என்கேஜ்டு" ஒலி என்பதே தோல்விக்கென்று தனியாக ஒரு செய்தி ஒதுக்கி, அதற்கு ஒரு சத்தமும் கொடுத்து வைத்ததுதான். 2005-ல் வந்த யூஎம்எல் 2.0 அந்த மரபிலிருந்து "ஆல்ட்", "ஆப்ட்", "லூப்" ஆகிய சட்டங்களை எடுத்துக்கொண்டது. இப்படி நடந்தால் இது, அப்படி நடந்தால் அது, இத்தனை முறைவரை திரும்பச் செய் என்று படத்திலேயே பெட்டி கட்டிச் சொல்லலாம். வசதி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ரெக்கார்டு நோட்டுகளுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது.

ஆனால் படத்தின் பெரிய பொய் இதுவும் இல்லை. அம்புகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகின்றன, அதுதான். கீழ்நோக்கிக் காலம் ஓடும் படத்தில் ஓர் அம்பு கிடைமட்டமாகப் போனால் என்ன அர்த்தம்? அனுப்பிய நேரமும் பெற்ற நேரமும் ஒன்று. ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நிறுவனங்களுக்கு நடுவே பணம் போகும்போது இது அப்பட்டமான பொய். யூஎம்எல் விதியே ஒரு செய்திக்கு இரண்டு நிகழ்வுகள் என்கிறது: அனுப்புவது ஒன்று, பெறுவது ஒன்று. அம்பைச் சாய்த்து வரையவும் அனுமதிக்கிறது. லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் படங்களில் செய்திகள் நெளிந்து, சாய்ந்துதான் போகின்றன (அவர் படத்தில் காலம் கீழிருந்து மேலே போகும், அது வேறு கதை). செய்தித் தொடர்பு எதுவும் இல்லாத இரண்டு இடங்களில் நடக்கும் இரண்டு காரியங்களில் எது முன், எது பின் என்று சொல்லவே முடியாது என்பது அவர் சொன்ன சேதி. அந்தச் சாய்வை எடுத்துவிட்டால் அந்தச் சேதியும் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், பி.காம். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் இது தெரியும். சீக்வென்ஸ் டயகிராம் என்ற பெயரில் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் பிசினஸ் லா. ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல், 1818, இங்கிலாந்து. லிண்ட்செல் கம்பளி வியாபாரி. 1817 செப்டம்பர் 2 அன்று, கம்பளி விற்கத் தயார், தபாலிலேயே பதில் சொல்லவும் என்று ஆடம்ஸுக்குக் கடிதம் போடுகிறார். விலாசத்தில் மாவட்டத்தை மாற்றி எழுதிவிட்டார். வொர்ஸ்டர்ஷையருக்குப் போக வேண்டிய கடிதம் லெஸ்டர்ஷையரைச் சுற்றிக்கொண்டு 5-ஆம் தேதி மாலைதான் கிடைக்கிறது. ஆடம்ஸ் அன்று மாலையே ஏற்றுக்கொண்டு பதில் போட்டுவிட்டார். அந்தப் பதில் லிண்ட்செல் கைக்கு வந்தது 9-ஆம் தேதி. சரியான விலாசம் எழுதியிருந்தால் 7-ஆம் தேதியே வந்திருக்க வேண்டிய பதில். வராததைப் பார்த்த லிண்ட்செல் 8-ஆம் தேதி கம்பளியை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்.

இதை ரெக்கார்டு நோட்டுப் பாணியில் வரைந்தால்? இரண்டு பெட்டி. லிண்ட்செல்லிடமிருந்து ஆடம்ஸுக்கு நேராக ஓர் அம்பு, ஆஃபர். ஆடம்ஸிடமிருந்து நேராக ஓர் அம்பு, ஏற்பு. ஒப்பந்தம் முடிந்தது, வழக்கே கிடையாது! சாய்த்து வரைந்தால்தான் வழக்கு கண்ணுக்குத் தெரியும். 2-ல் கிளம்பி 5-ல் இறங்கும் ஓர் அம்பு, 5-ல் கிளம்பி 9-ல் இறங்கும் இன்னோர் அம்பு, அது இறங்குவதற்கு ஒரு நாள் முன்பு லிண்ட்செல்லின் கோட்டில் நடந்த ஒரு விற்பனை. மொத்தத் தகராறும் அந்தச் சாய்வுக்குள்தான் இருக்கிறது.

நீதிமன்றம் ஆடம்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ஏற்புக் கடிதம் கைக்கு வந்தால்தான் விற்பவரைக் கட்டும் என்றால், அது வந்துசேர்ந்த தகவல் தனக்குத் திரும்பி வரும்வரை வாங்குபவரும் கட்டுப்பட வேண்டியதில்லை. பிறகு அதற்கு ஒரு தகவல், அதற்கு ஒரு தகவல் என்று முடிவே இல்லாமல் போகும் என்றது. கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் இதே சிக்கலை 1975-ல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள், 1978-ல் ஜிம் கிரே அதை இரண்டு தளபதிகள் கதையாகச் சொன்னார். செய்தி தொலையக்கூடிய பாதையில் எத்தனை முறை "கிடைத்தது" என்று சொல்லிக்கொண்டாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வராது. கம்பளி வழக்கு 157 வருடம் சீனியர்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னும் சாமர்த்தியம். அதன் 4-ஆம் பிரிவுப்படி, ஏற்பு என்பது ஆஃபர் கொடுத்தவரைப் பொறுத்தவரை, ஏற்றவர் தன் கையை விட்டுத் தபாலில் சேர்த்த நொடியில் முடிந்துவிடுகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, அது மற்றவரின் கவனத்துக்கு வரும்போதுதான் முடிகிறது. ஒரே அம்பு. இரண்டு முனைகள், இரண்டு நேரங்கள், இரண்டு பேருக்கு இரண்டு விதமான சட்ட விளைவு. யூஎம்எல் பிறப்பதற்கு 125 வருடம் முன்பு! இதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கும் மாணவர், அடுத்த மணி நேரத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குப் போய் நேர் அம்பு வரைகிறார்.

அக்கவுண்டன்சியும் இதேதான். வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதற்கு? காசோலை கொடுத்த அன்று ரொக்க ஏட்டில் எழுதியாகிவிட்டது, வங்கிக்கு அது இன்னும் போகவில்லை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஏட்டில் இரண்டு தேதி. கிளைக் கணக்கில் "வழியிலுள்ள சரக்கு", "வழியிலுள்ள ரொக்கம்" என்று ஒரு தலைப்பே உண்டு. தலைமை அலுவலகத்தை விட்டுக் கிளம்பியாயிற்று, கிளைக்கு வந்து சேரவில்லை, எனவே எங்கேயோ லாரியில் இருக்கிறது, அதை எழுதி வை என்கிறது கணக்கியல். பற்றும் வரவும் இடிக்கும்போது அனாமத்துக் கணக்கு. இத்தாலியிலிருந்து வந்த இரட்டைப் பதிவு முறை தெரியாத டீக்கடைக்காரரும் என்ன செய்கிறார்? நோட்டை எடுத்து "ஹாஸ்டல் தம்பி 40 வரணும்" என்று எழுதிக்கொள்கிறார். அனாமத்துக் கணக்கு தொடங்கியாயிற்று. சீக்வென்ஸ் டயகிராமில் இந்த "வரணும்" எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

சரி, டீக்கடைக்கே போகலாம். யூபிஐ 2016-ல் வந்தது. நடத்துவது என்பிசிஐ. 40 ரூபாய்க்குப் பின்னால் நடப்பதைச் சுருக்கி எண் போட்டுச் சொன்னால் இப்படி இருக்கும். ஒன்று, மாணவனின் ஆப் தனக்குப் பின்னால் நிற்கும் வங்கி வழியாக என்பிசிஐ ஸ்விட்சுக்குக் கோரிக்கை அனுப்புகிறது. இரண்டு, கடைக்காரர் பக்கம் கேட்டு அவர் விலாசம் எந்தக் கணக்கு என்று ஸ்விட்ச் தெரிந்துகொள்கிறது. மூன்று, மாணவனின் வங்கிக்கு "40 ரூபாய் பற்று வை". நான்கு, அங்கிருந்து "வைத்தாயிற்று". ஐந்து, கடைக்காரரின் வங்கிக்கு "40 ரூபாய் வரவு வை". ஆறு, "வைத்தாயிற்று". ஏழு, இரு பக்கமும் "முடிந்தது" என்ற தகவல். குறுஞ்செய்தி மூன்றுக்கும் நான்குக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. சவுண்ட் பாக்ஸ் கூவுவது ஏழுக்குப் பிறகு. டீக்கடையில் இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நான்காம் அம்பில் நிற்கிறார், ஒருவர் ஏழாம் அம்புக்குக் காத்திருக்கிறார்.

இப்போது ஐந்தாம் எண்ணில் விளையாட்டு. ஸ்விட்ச் அனுப்பிவிட்டது, பதில் வரவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். கோரிக்கையே போகும் வழியில் தொலைந்தது, அப்படியானால் கடைக்காரருக்குப் பணம் வரவில்லை. அல்லது கோரிக்கை போய்ச் சேர்ந்து வரவும் வைத்தாயிற்று, "வைத்தாயிற்று" என்ற ஆறாவது மட்டும் தொலைந்தது, அப்படியானால் பணம் வந்துவிட்டது. ஸ்விட்சின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், வெறும் மௌனம். தோல்வி என்று எடுத்துக்கொண்டு மாணவனுக்குத் திருப்பிக் கொடுத்தால், இரண்டாவது நிலைமையில் கடைக்காரருக்கும் பணம், மாணவனுக்கும் பணம், நடுவில் யாரோ ஒரு வங்கிக்கு 40 ரூபாய் நஷ்டம். வெற்றி என்று எடுத்துக்கொண்டால், முதல் நிலைமையில் மாணவன் பணம் போச்சு, கடைக்காரருக்கும் வரவில்லை. மௌனத்தை வைத்துக்கொண்டு சரியான முடிவு எடுக்கவே முடியாது. பிறகு எப்படித் தீர்க்கிறார்கள்? யூபிஐயில் "டீம்டு அப்ரூவ்டு" என்று ஒரு நிலை இருக்கிறது. வரவு வைக்க வேண்டிய வங்கி பதில் சொல்லாவிட்டாலும் நடந்ததாகக் கொள்வது, பிறகு கணக்குகளை ஒத்துப் பார்த்துத் தீர்ப்பது. பழைய வங்கிச் சரிகட்டும் பட்டியல்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது!

பாடப்புத்தகங்கள் வரையாமல் விட்ட இந்த அம்புகளை யார் வரைந்தார்கள் தெரியுமா? ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கை, அக்டோபர் 15 முதல் அமல். யூபிஐயில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்பி, பற்று வைத்து வரவு வைக்காமல் போனால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால் ஐந்து நாள். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வெளியே வராவிட்டாலும் ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் தானாகவே தர வேண்டும். வரிக்கு வரி இது ஒரு சீக்வென்ஸ் டயகிராம்தான். எந்த அம்பு தொலைந்தது, யார் திருப்பி அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள், தவறினால் என்ன. தொழில்நுட்பப் படம் சொல்லாமல் விட்டதை ஒழுங்குமுறைச் சுற்றறிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

வரையாமல் விட்டால் பணமும் நேரமும் போகும் என்பதற்கு இன்னோர் உதாரணம் 2025 ஏப்ரல் 12. அன்று நாடு முழுக்க யூபிஐ பல மணி நேரம் படுத்துவிட்டது. காரணமாக என்பிசிஐ சொன்னது, "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?" என்று நிலை கேட்கும் கோரிக்கைகள் வெள்ளமாக வந்ததை. சில வங்கிகள் பக்கமிருந்து பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை, மறுபடி கேள், அதற்கும் பதில் வரவில்லை, மறுபடி கேள். ஏற்கெனவே திணறுகிற ஸ்விட்சின் தலையில் இதுவும். இந்த நிலை கேட்கும் அம்பைச் சுற்றி ஒரு "லூப்" பெட்டி போட்டு, மூலையில் இத்தனை முறைக்கு மேல் கூடாது என்று ஒரு எண் எழுத யூஎம்எல்லில் இடம் இருக்கிறது. அந்தச் சின்ன எண்ணை உரியவர்கள் முன்கூட்டியே எழுதி மதித்திருந்தால்? அதன்பிறகுதான் அந்த ஆண்டிலேயே எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு வரம்பு கட்டினார்கள்.

இந்த இடத்தில் பொட்டி தட்டுகிற அண்ணன்மார்கள் கையைத் தூக்குவார்கள். "படமெல்லாம் யாருப்பா பார்க்கிறா, கோடுதான் உண்மை, கோடைப் படி." 2001-ல் வந்த அஜைல் அறிக்கையைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த அறிக்கை ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளுக்கு அதிக மதிப்பு என்றது; ஆவணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை விடுங்கள். கோடைப் படி என்றால் யாருடைய கோடை? மாணவனின் வங்கி தன் கோடைக் கடைக்காரரின் வங்கிக்குக் காட்டுமா? ஆப் கம்பெனி காட்டுமா? ஐந்து வீட்டுக்காரர்களில் யாருக்கும் மற்ற நான்கு வீட்டுச் சமையலறை தெரியாது. அவர்களுக்குள் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று, எந்தச் செய்திக்குப் பிறகு எந்தச் செய்தி என்ற ஏற்பாடு. அதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை எழுதாமல் "என் வீட்டு வழக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்" என்று ஒரு வியாபாரி சொன்னால் அவரோடு யார் வியாபாரம் செய்வார்கள்? ஒரே நிறுவனம், ஒரே ஆள், ஒரே லேப்டாப் என்றால் அண்ணன்மார் சொல்வது சரி. அங்கே இந்தப் படம் வெட்டி வேலை. புக் பேங்க் பிராஜெக்டுக்கு வரையச் சொல்வதும் அதே வெட்டி வேலைதான்.

இன்னோர் ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. படத்தை நம்பிப் பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். நீடம், ஷ்ரோடர் என்ற இருவர் 1978-ல், இரண்டு பேர் கம்ப்யூட்டர் வழியாக ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு முறை வகுத்தார்கள். பொதுச் சாவி வடிவத்தில், சாவிகள் கையில் இருக்கிறதென்றால், மூன்றே அம்புகள். அ ஒரு ரகசிய எண்ணை ஆ-வுக்கு அனுப்புகிறார், ஆ அதையும் தன் எண்ணையும் திருப்பி அனுப்புகிறார், அ ஆ-வின் எண்ணைத் திருப்புகிறார். பார்க்க அத்தனை சுத்தம். 17 வருடம் கழித்து 1995-ல் கேவின் லோ ஓட்டையைக் காட்டினார். அ நல்லெண்ணத்தோடு ஒரு திருடனிடம் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சை வைத்தே திருடன் ஆ-விடம் போய் "நான்தான் அ" என்று நிரூபித்துவிடலாம். தீர்வு என்னவோ எளிது, இரண்டாவது செய்தியில் ஆ தன் பெயரையும் சேர்த்து அனுப்பினால் போதும். ஆனால் இரண்டு கோடு மட்டும் இருக்கும் படத்தில் மூன்றாவது ஆள் எப்படித் தெரிவான்? படம் வரைந்துவிட்டோம், எனவே சரி என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். லோ அடுத்த ஆண்டு காட்டியதுபோல, வழிகளையெல்லாம் விடாமல் தேடிப் பார்க்கிற கருவிகள் அதற்கு வேண்டும். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். சீக்வென்ஸ் டயகிராம் ஒரு வழக்கத்தைக் காட்டுகிறதா, கட்டாயத்தைக் காட்டுகிறதா என்பதே தெளிவில்லை என்று டேவிட் ஹாரெலும் வெர்னர் டாமும் சொல்லி, அதற்காக வேறு வகைப் படமே உருவாக்கினார்கள். அதுவும் நியாயமான குறைதான். ஆனாலும் மூன்றாவது கோட்டை வரைந்து பார்த்தால்தானே லோ சொன்னது புரிகிறது? அந்தத் தாக்குதலை விளக்குகிறவர்கள் கையில் எடுப்பதும் இதே படத்தைத்தான்.

"எல்லாத் தோல்வியையும் வரைந்தால் இடியாப்பம் ஆகிவிடுமே?" ஆகும். ஏழு அம்பில் ஒவ்வொன்றும் தொலையலாம், தாமதமாகலாம், இரண்டு முறை வரலாம். எல்லாவற்றையும் வரைய யாரும் கேட்கவில்லை. பணமோ பொருளோ பொறுப்போ கை மாறுகிற அம்பு எது என்று பார்த்து, அதற்கு மட்டும் இரண்டு படம் கூடுதலாக: கோரிக்கை தொலைந்தால், பதில் தொலைந்தால். மூன்றாவதாக, அதே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன என்பதற்கு ஒரு வரி. காசோலைக்கு எண் இருப்பது எதற்கு? அதே காசோலைக்கு வங்கி இரண்டு முறை பணம் கொடுக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். யூபிஐயிலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் இருப்பது, அதே எண் மறுபடி வந்தால் இது பழையது என்று கண்டுகொள்ளத்தான். அந்த எண் படத்தில் அம்பின் மேல் எழுதியிருக்க வேண்டும். எழுதாத படத்தைப் பார்த்து ஒரு ஜூனியர் கோடு எழுதினால், "பதில் வரலியா, மறுபடி அனுப்பு" என்று எழுதுவான். கழிவது யாரோ ஒருவரின் சம்பளக் கணக்கில், இரண்டு முறை.

வரைய நேரமில்லை என்ற சாக்கும் செல்லாது. பிளான்ட்யூஎம்எல் 2009-லிருந்து இருக்கிறது, மெர்மெய்டு 2014-லிருந்து. இரண்டிலும் வரி வரியாக எழுதினால் படம் தானே வந்துவிடும், எலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 2022 முதல் கிட்ஹப்பிலேயே மெர்மெய்டு படம் தெரிகிறது. கோடு மாறும்போது பக்கத்திலேயே படத்தையும் மாற்றலாம். மூன்று வரி எழுதச் சோம்பல் என்றால் அது வேறு விஷயம்.

இனி வைவா எடுக்கப்போகும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆக்டிவேஷன் பார் கேள்வியை இந்த வருடத்தோடு ஓய்வு பெறச் செய்யலாம். மாணவரின் படத்திலேயே ஏதாவது ஓர் அம்பின் மேல் விரலை வைத்து, "இது வழியில் தொலைந்துவிட்டது, இப்போது பணம் யாரிடம் இருக்கிறது, அது யாருக்குத் தெரியும், யார் யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்கலாம். முதல் வருடம் பாதிப் பேர் முழிப்பார்கள். பிராஜெக்ட் சென்டர்காரர்களும் முழிப்பார்கள். பாஸ்போர்ட் ஆட்டோமேஷனை வருடா வருடம் நகலெடுத்தவர்களுக்கு இன்டர்னல் மார்க் குறையும். குறையட்டும். பி.காம். பக்கம் இருந்து வருகிறவர்கள்தான் இதற்கு முதலில் பதில் சொல்வார்கள் என்று பந்தயம் கட்டலாம், 40 ரூபாய்க்கு.